ரெண்டும் ஒண்ணா இறங்குமா?

வீட்டில் கட்டிய விமானத்துக்கு ஃப்ளாப் பொருத்துவது பாதி அலுமினிய வேலை, பாதி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் வேலை. முதல் பாதி எனக்கு நன்றாக வரும்.

ஃப்ளாப் என்றால் என்ன என்பதை ஒரே ஒரு முறை சொல்கிறேன். விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பீர்கள். தரை நெருங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் ஒரு பலகை கீழே மடங்கி இறங்கும். அதுதான். அது இறங்கினால் விமானம் மெதுவாக வந்தாலும் விழாது. நிதானமாகத் தரையில் உட்காரும். இடது இறக்கையில் ஒன்று, வலது இறக்கையில் ஒன்று. இரண்டும் ஒரே அளவு இறங்க வேண்டும். ஒன்று கூடுதலாக இறங்கினால் அந்தப் பக்கம் தூக்கும், விமானம் மறுபக்கம் புரளும். ஆயிரம் அடியில் புரண்டால் சமாளிக்கலாம். ஆனால் ஃப்ளாப்பை இறக்குவது தரைக்குப் பக்கத்தில்.

நான் விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டர். எஞ்சினையும் ஒயரையும் தவிர மற்றதெல்லாம் என் பாடு. ஓய்வு பெற்றுச் சேலையூரில் இருக்கிறேன். சும்மா இருக்க விடுவதில்லை. தாம்பரத்தைச் சுற்றிச் சொந்தமாக விமானம் கட்டுகிற ஆசாமிகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். நீங்கள் நம்பவேண்டாம், எனக்கே நம்பிக்கை இல்லை. அதில் ஒரே ஒருவருடைய விமானத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஏணியில் நின்று ஃபேன் மாட்டும்போது கீழே நின்று யோசனை சொன்ன மச்சினரைப் பொறுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் என் கட்சி. மேலே படியுங்கள்.

நாலு நிமிஷ வேலை

அவர் பெயர் பாஸ்கர். ஐம்பத்திரண்டு வயது. கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து தானாக விலகியவர். பெருங்களத்தூரில் சொந்த வீடு. கீழ்த்தளத்தில் தூண்கள் மட்டும், கார் நிறுத்துவதற்காக. அங்கே கார் இல்லை. இரண்டு பேர் உட்காரக்கூடிய விமானம் ஒன்று ஆறு வருஷமாக நின்றது. கார் தெருவில் காய்ந்தது. இறக்கைகளை மாட்டினால் வலது நுனி கேட்டைத் தாண்டி வெளியே நீளும். பால் போடுகிறவர் குனிந்து போகப் பழகிவிட்டார்.

ஃப்ளாப்பை அவரே மாட்டி வைத்திருந்தார். அதை இறக்கும் லீவர் இரண்டு சீட்டுக்கும் நடுவில், கார் ஹேண்ட்பிரேக் மாதிரி. மூன்று பல். ஒவ்வொரு பல்லுக்கும் ஃப்ளாப் ஒரு படி இறங்க வேண்டும். இழுத்தேன். இடது இறங்கியது. வலது கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது. எத்தனை நாளாகும் என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது.

"சார், வீடியோவுல இது நாலு நிமிஷ வேலை."

ஒரே கேள்வி

பாஸ்கரிடம் விமானம் ஓட்ட லைசென்ஸ் உண்டு. ஆனால் கட்டியவரே முதல் தடவை ஓட்டக்கூடாது என்பது அவர் மனைவி சுமதியின் உத்தரவு. சுமதி வங்கி அதிகாரி. அந்த வீட்டில் யோசிக்கிற வேலை அவருடையது. எனவே முதல் தடவை ஓட்ட எட்வினை அழைத்தேன். எட்வின் பல பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கேம்ப் ரோடு பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார். மோசமாகப் பாடுவார். நாற்பது வருஷப் பழக்கம். நான் சரி என்று சொன்ன எதிலும் ஏறி உட்காருவார். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. தூக்கம்தான் கெடும்.

பாஸ்கர் அவருக்கு எஞ்சினைக் காட்டினார். முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரைகளைக் காட்டினார். சீட்டுத் துணி எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொன்னார். ஒரு மணி நேரம் ஆயிற்று. எட்வின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என்னைக் கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். முந்நூறு அடி உயரத்தில் அந்த லீவரை இழுக்கப்போவது அவர் கை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ரெண்டும் ஒண்ணா இறங்குமா? அதை மட்டும் நீ சொல்லுய்யா. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

எண்ணெய்

வலது ஃப்ளாப் ஏன் யோசிக்கிறது என்று பார்க்கக் கழற்றினேன். கீல் முழுக்க எறும்பு. சிவப்பெறும்பு. ஒரு ஊரே குடியிருந்தது. முட்டையோடு. கையில் ஏறியதை உதறிவிட்டு முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

கீல் கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டதாம். எண்ணெய் விட்டாராம். விமானக் கீலுக்குத் தனி எண்ணெய் உண்டு. அந்த டப்பா அதே அலமாரியில் சீல் உடைக்காமல் இருந்தது. அது வெளிநாட்டிலிருந்து வந்தது, வீணாக்க வேண்டாம் என்று வைத்திருந்தாராம். தேங்காய் எண்ணெயில் தூசி ஒட்டிப் பிசினாகிவிட்டது. சுரண்டி எடுக்க ஒன்றரை நாள். காப்பி கொண்டுவந்த சுமதி, நான் எண்ணெயின் தரத்தைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

"சுத்தமான செக்கு எண்ணெய் சார் அது. நாங்க தலைக்கு வைக்கிறது."

வாட்டம்

இரண்டு ஃப்ளாப்பும் சமமாக இறங்குகின்றன என்று பாஸ்கர் சத்தியம் செய்தார். எப்படி அளந்தீர்கள் என்றேன். டேப்பைத் தரையில் ஊன்றி ஃப்ளாப் விளிம்பு வரை பிடித்துக் காட்டினார். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவு, மில்லிமீட்டர் சுத்தம். அந்தச் சமத்தைக் கொண்டுவர அவர் நாலு மாதம் கம்பியைத் திருகியிருந்தார். நான் இறக்கையிலிருந்து கோணம் வைத்துப் பார்த்தேன். இடது இரண்டு டிகிரி கூடுதல்.

விஷயம் இதுதான். அளப்பதற்கு முன்னால் விமானத்தை மட்டம் பார்த்து ஒரு சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்திருக்கிறார். அது சரி. அந்தப் பலகை ஏன் தேவைப்பட்டது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நாலு மாதம் மிச்சம். விமானம் மட்டம், தரை சரிவு; சரிவிலிருந்து அளந்த சமம் சமமே இல்லை. காம்பவுண்டுச் சுவர் பூசிக்கொண்டிருந்த ஏழுமலை மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். அவருக்கு விமானம் தெரியாது. தரை தெரியும்.

"இன்னா சார் நீ, வண்டி கழுவுற எடத்துல வாட்டம் வுடாம தரை போடுவாங்களா? தண்ணியெல்லாம் வூட்டுக்குள்ள பூந்துராது?"

போன் மட்டம்

ஏழுமலையின் ட்யூபை இரவல் வாங்கினேன். கண்ணாடி மாதிரி தெரியும் ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். கொத்தனார்கள் அதை வைத்துத்தான் வீடு கட்டுகிறார்கள். ஒரு முனையை ஏழுமலை இடது இறக்கையில் பிடித்தார், மறுமுனையை நான் வலதில் பிடித்தேன். பத்து நிமிஷத்தில் விமானம் மட்டம்தான் என்று உறுதியாயிற்று.

பாஸ்கருக்கு ட்யூபில் நம்பிக்கை வரவில்லை. போனில் கோணம் காட்டும் ஆப்பைத் திறந்து ஃப்ளாப் மேல் வைத்தார். இருபத்தெட்டு டிகிரி என்றது. தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொன்னேன். முப்பத்தொன்று என்றது. போனின் முதுகில் கேமரா மேடு, அதற்கு மேல் தடித்த உறை, உறையில் விரல் மாட்டும் வளையம். இதையெல்லாம் சுட்டிக்காட்டினேன். ஏழுமலை சிரிப்பை அடக்க ட்யூபைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆப்புக்கு நல்ல ரேட்டிங் சார்."

குரூப்

விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. நான் மல்லாந்து படுத்து இறக்கைக்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருக்கும்போது பாஸ்கர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதை வாசிப்பார். ஒருவர் ஃப்ளாப்பே தேவையில்லை என்பார். ஒருவர் மோட்டார் வைக்கச் சொல்வார். மூன்றாமவர் நான் செய்வது எல்லாமே பழைய முறை என்பார். இவர்களுக்கு நான் செய்வது எப்படித் தெரியும் என்று எட்டிப் பார்த்தேன். என் கால்கள் இரண்டும் போட்டோவாக அங்கே போயிருந்தன.

இந்த குரூப்பில் எத்தனை பேர் பறந்திருக்கிறார்கள் என்று அடியிலிருந்தே கேட்டேன்.

"இன்னும் யாரும் பறக்கல சார். எல்லாரும் கட்டிட்டுத்தான் இருக்காங்க."

மிதிக்காதே

இறக்கை தாழ்வாக இருக்கும் விமானம். அதன் மேல் கால் வைத்துத்தான் உள்ளே ஏற வேண்டும். மிதிக்க ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது ஃப்ளாப். அதை மிதித்தால் கீல் வளையும். அதனால் இரண்டு ஃப்ளாப் மேலும் பெரிதாக "மிதிக்காதே" என்று எழுதி வைத்தேன். தமிழில். எதிர் வீட்டுக்காரர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர், குடியிருப்போர் சங்கச் செயலாளர் எல்லோரும் வந்து பார்த்தார்கள், ஏறிக்கூட உட்கார்ந்தார்கள். ஒருவரும் மிதிக்கவில்லை.

ஒரு நாள் போனேன். வலது கீல் வளைந்திருந்தது. புதுக் கீல் வர இரண்டு வாரம், பொருத்த மூன்று நாள். யார் வேலை என்று கேட்டேன். பாஸ்கர் தன் காலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"சாக்ஸ் போட்டுக்கிட்டுதான் சார் மிதிச்சேன்."

கோடு

ஒருவழியாக அளவு கூடிவந்தது. இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள், பின்னால் வேண்டும்.

ஃப்ளாப்பைத் தள்ளுவது ஒரு கம்பி. இரண்டு முனையிலும் மரை. கம்பியைத் திருகினால் நீளும் அல்லது குறையும்; ஃப்ளாப் அதற்கேற்ப இறங்கும் அல்லது ஏறும். அளவு சரியானதும் இரண்டு முனையிலும் பூட்டு நட்டை ஸ்பானர் போட்டு இறுக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் அதிர்வில் கம்பி தானாகத் திரும்பிக்கொள்ளும். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு நட்டு. இறுக்கிய கையோடு நட்டிலும் கம்பியிலும் சேர்த்துச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பேன். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். பார்த்ததும் தெரிந்துவிடும். கோடு முழுசாக இருக்கும் நட்டில் மறுபடி ஸ்பானர் போடுவதில்லை. அதற்குத்தான் கோடு.

வங்கியிலிருந்து வந்த சுமதி பையைத் தோளிலிருந்து இறக்காமல் குனிந்து பார்த்தார். இது என்ன என்றார். நட்டு நகரவில்லை என்பதற்கு அடையாளம் என்றேன். கோடு நேராக இருந்தால் பறக்கலாமா என்றார். பறக்கலாம் என்றேன். நான் ஸ்பானர்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். பெருங்களத்தூர் சிக்னலில் கூட்டம் கூடுவதற்குள் ஸ்கூட்டரை எடுக்க வேண்டும். அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

"அப்ப கோடு இருந்தா போதும்."

சந்தனம்

அதற்கப்புறம் எனக்குக் காய்ச்சல். எட்டு நாள். சேலையூரில் அந்த வாரம் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை.

எழுந்து போனபோது இடது ஃப்ளாப் முழுக்கச் சந்தனம், குங்குமம், மூன்று பட்டை விபூதி. கீல் இடுக்கில் சாமந்தி இதழ். பாஸ்கர் என் கையில் குன்றத்தூர் பிரசாதத்தைக் கொடுத்தார். முருகனுக்கு அர்ச்சனை செய்து வாங்கினாராம். பூசாரியை வீட்டுக்குக் கூட்டிவந்து பூஜை போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் நீளும். வயதுக்கு ஏற்றபடி திட்டிவிட்டு, பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்து இதழ்களை நீக்கினேன். ட்யூப்லைட் வெளிச்சம் போதாது, டார்ச்சும் அடித்துப் பார்த்தேன். நாலு நட்டு, நாலு கோடு, நாலும் முழுசு.

அங்கிருந்தே எட்வினுக்குப் போன் செய்தேன். அதே கேள்வியைக் கேட்டார். இறங்கும் என்றேன்.

"சரி, அப்ப பைபிளை வீட்டிலேயே வெச்சிட்டு வர்றேன்."

பெருங்களத்தூர் சிக்னல்

செங்கல்பட்டுக்கு அப்பால் ஒருவர் தன் நிலத்தில் ஓடுபாதை போட்டிருக்கிறார். விமானத்தை அங்கே கொண்டுபோக வேண்டும். பாஸ்கர் நாள் குறித்தார். பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தார். காலண்டர் பார்க்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், மாலை நாலு மணி. சென்னையில் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பிப் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம்.

லாரியில் விமானம். இறக்கைகள் தனியாக, மெத்தைக்கும் போர்வைக்கும் நடுவில். ஏழுமலை மேலே உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். வண்டலூரைத் தாண்ட மூன்று மணி நேரம். நின்றிருந்த பஸ்களின் ஜன்னலிலிருந்தெல்லாம் யோசனை வந்தது. சினிமாவுக்கா என்றார்கள். என்ன விலை என்றார்கள். பிள்ளைகளை மேலே உட்காரவைத்து ஒரு போட்டோ எடுக்கலாமா என்றார்கள். ஏழுமலை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விலை சொன்னார். போக்குவரத்துக் காவலர் ஒருவர் லாரியை ஓரம்கட்டச் சொன்னார். எதிரே இருந்த நெரிசலைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், பாஸ்கரைப் பார்த்தார்.

"பறக்குற வண்டிய இன்னாத்துக்கு சார் ரோட்டுல எடுத்துனு வர்ற?"

வெயில்

மழை விட்ட ஒரு காலையில் எல்லோரும் ஓடுபாதைக்குப் போனோம். ஏழு மணி. காற்று இல்லை. இறக்கைகளை மாட்டினேன். இறக்கையைக் கழற்றி மாட்டினாலும் கம்பியின் நீளம் மாறாது. பக்கத்துக்கு ஒரு பின் மட்டும்தான் கழலும், நட்டுகள் அப்படியே இருக்கும். லீவரை ஒவ்வொரு பல்லாக இழுத்துக் கோணம் பார்த்தேன். இரண்டும் ஒன்று. எட்வின் ஏறினார். கறுப்புப் பட்டையில் மட்டும் கால் வைத்து ஏறினார். பெல்ட் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் கட்டை விரலை உயர்த்த வேண்டியதுதான் பாக்கி.

சுமதி லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஃப்ளாப்புக்குக் கீழே குனிந்து, கோடு நேராகத்தானே இருக்கிறது என்று கேட்டு விரலை நீட்டினார். நான் கோட்டைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தேன். நகத்தில் சிவப்புப் பாலிஷ். வெயில் பட்டு மின்னியது. அதற்குப் பக்கத்தில் கோடும் மின்னியது. என் பெயிண்ட் மின்னாது. செங்கல் பொடி மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். வலது பக்கம் ஓடினேன். எழுபத்தொரு வயதில் ஓடுவதை ஓட்டம் என்று ஒப்புக்கொண்டால். அங்கே இரண்டு கோடும் மங்கல். கார் நிறுத்துமிடத்து வெளிச்சத்தில் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பாகத் தெரிந்திருக்கிறது.

எட்வினைப் பார்த்துக் கையைக் குறுக்கே ஆட்டினேன். எஞ்சின் போடாதே. பிறகு சுமதியிடம், இடது பக்கக் கோடு யார் போட்டது என்று கேட்டேன். அவர் தயங்கவில்லை. தயங்குவதற்கு அவர் என்ன தப்பு செய்தார்?

"நீங்க காய்ச்சல்ல படுத்தப்ப ஒரு நாள் விடிகாலைல ரெண்டு கோடு உடைஞ்சு இருந்துது சார், நான்தான் நீட்டா திரும்பப் போட்டேன். கோடு இருந்தா போதும்னு நீங்கதானே சொன்னீங்க."

இரண்டு விரல்

ஸ்பானர் தேவைப்படவில்லை. இடது பக்க நட்டில் இரண்டு விரலை வைத்தேன். சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. வலது பக்கத்துக்கு ஸ்பானர் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. ஒரு பக்கம் மட்டும் தளர்வு. அரை மணி நேரம் எஞ்சின் ஓடியிருந்தால் இடது கம்பி தன்பாட்டுக்குத் திரும்பியிருக்கும். எட்வின் இறங்கும்போது லீவரை இழுத்திருப்பார். நான் சொன்னதை நம்பி.

அதற்கப்புறம்தான் பாஸ்கர் வாயைத் திறந்தார். புது வண்டி வாங்கினால் குன்றத்தூர் மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடுவது அந்த வீட்டு வழக்கம். விமானத்தைக் கொண்டுபோக முடியாது. அதனால் ஏதாவது ஒரு பாகம். எதைக் கொண்டுபோகலாம் என்று யோசித்து, பத்திரமாக இறங்குவதுதானே முக்கியம் என்று ஃப்ளாப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இந்த ஒரு யோசனையில் மட்டும் நான் குறை காண மாட்டேன். இரண்டும் வேண்டாம், ஒன்று போதும் என்று இடதைக் கழற்றிக் காரின் மேல் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். முறையாகக் கழற்ற ஒரு போல்ட்டை எடுத்தால் போதும். அது எட்டவில்லை என்று நட்டுகளைத் தளர்த்திக் கம்பியைத் திருகி எடுத்திருக்கிறார். திரும்ப மாட்டும்போது சுற்றுகளை எண்ணி மாட்டியிருக்கிறார், அதனால்தான் கோணம் சரியாக இருந்தது. நட்டைக் கையால் திருகிவிட்டு, ஸ்பானரை மாடியில் வைத்துவிட்டோம், காலையில் இறுக்கிக்கொள்ளலாம் என்று படுக்கப் போய்விட்டார்.

எட்வின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தார். அந்த நட்டைச் சுண்டு விரலால் சுற்றினார். குழாயைத் திறந்து மூடுவது போல இப்படியும் அப்படியும் சுற்றிக்கொண்டே நின்றார். மறுநாள் காலையில் ஏன் இறுக்கவில்லை என்று பாஸ்கரைக் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை.

"காலைல பாத்தா கோடு இருந்துச்சு சார். அதனால ராத்திரியே டைட் பண்ணிட்டேன் போலன்னு நினைச்சுட்டேன்."

லூஸ்

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். ஆறு வருஷம் தன் கையால் கட்டியவர் கோட்டை நம்பினார். நாற்பது வருஷம் கோடு போட்டவனும் கோட்டை நம்பினான். கோடு போட்ட அம்மாள் என்னை நம்பினார். "இறுக்கினவனைத் தவிர வேற யாரும் கோடு போடக் கூடாது." இவ்வளவுதான் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது. ஐந்து வினாடி ஆகியிருக்கும். எனக்கு ஸ்கூட்டர் எடுக்கும் அவசரம். வாயை மூடிக்கொண்டேன்.

நகப் பாலிஷைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். கம்பியின் அளவை முதலிலிருந்து பார்த்தேன். நட்டுகளை இறுக்கினேன், கோடு போட்டேன். சுமதி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அதற்குள் காற்று எழும்பிவிட்டது. மறுநாள் காலை எட்வின் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை ஒரு சொல்லில் பதில் சொல்லவில்லை. நாலு நட்டையும் தனித்தனியாகத் தொட்டுக் காட்டினேன். அவர் ஏறினார், ஓட்டினார், எழும்பினார். இரண்டாயிரம் அடியில் முதலில் லீவரை இழுத்துச் சோதித்தார். விமானம் நேராகவே போனது. பிறகு சுற்றி வந்து தாழ்ந்தார். இரண்டு பலகையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு இறங்கின. சக்கரம் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. சுமதி தரையில் உட்கார்ந்துவிட்டார். பாஸ்கர் முழுவதையும் வீடியோ எடுத்தார்; அப்புறம் போட்டுப் பார்த்தால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அவருடைய செருப்புதான்.

எட்வின் இறங்கி வந்து இடது ஃப்ளாப்புக்கு அடியில் குனிந்தார். இரண்டு விரலால் நட்டைப் பிடித்துச் சுற்றப் பார்த்தார். அசையவில்லை. நிமிர்ந்து என் தோளில் கையைப் போட்டார்.

"நட்டு டைட்டாத்தான் இருக்கு. உன் வாயைக் கொஞ்சம் லூஸ் பண்ணுய்யா."

இப்போதெல்லாம் சிவப்புக் கோடு எதற்கு என்று யாராவது கேட்டால் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் விளக்குகிறேன், கேட்டவர்கள் பாதியிலேயே போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.